வாங்குபவர் சம்மதித்தால் போதுமா?

தொழுகைக்கும் நோன்புக்கும் எத்தனை மஸ்அலாக்கள் உண்டோ, கொடுக்கல் வாங்கலுக்கும் அத்தனை மஸ்அலாக்கள் உண்டு. ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் வணக்கங்களைப் பற்றிய பாடங்கள் முடிந்த உடனே வியாபாரத்தைப் பற்றிய பாடம் தொடங்கிவிடுவதைக் காண்கிறோம். பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவரை மார்க்கம் வாசலோடு வழியனுப்பிவிடுவதில்லை. அவருடனேயே வந்து கல்லாப்பெட்டியின் பக்கத்திலும் அமர்ந்துகொள்கிறது.

ஆனால் வியாபாரிகள் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. "நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. விலையை முதலிலேயே சொல்லிவிட்டேன். வந்தவரை இன்முகத்தோடு வரவேற்றேன். அவரும் மனமொப்பிப் பணம் கொடுத்தார். இதற்கு மேல் என்னிடம் என்ன கேள்வி?" என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இந்த வாதத்தில் குறை எதுவும் தெரியவில்லை. விலை தெளிவு, பேச்சு இனிமை, இரு தரப்பும் சம்மதம். இவை மூன்றும் இருந்தால் அந்த வியாபாரம் அல்லாஹ்வின் சந்நிதானத்தில் தேறிவிடுமா?

இந்தக் கேள்வியை நம்முடைய சொந்தக் கடையை வைத்து ஆராய்ந்தால் மனம் உடனே சாக்குத் தேடத் தொடங்கிவிடும். ஆகவே நமக்குச் சற்றும் பழக்கமில்லாத மேல்நாட்டுத் தொழில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நியருடைய கடையில் குற்றம் எது, குணம் எது என்று கண்டுகொண்ட பிறகு, அதே தராசை நம் கடைக்குக் கொண்டுவருவது எளிது.

நிறம் விற்கும் கடை

அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் 'டேனிங் சலூன்' என்று ஒரு வகைக் கடை உண்டு. சலூன் என்றதும் நமக்கு முடி திருத்தும் கடைதான் நினைவுக்கு வரும். இது அதுவன்று, வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக் கொடுக்கும் கடை. ஆள் நீளத்துக்கு ஒரு கட்டில். அதன் அடியில் வரிசையாகக் குழல் விளக்குகள். மேலேயும் அதுபோன்ற விளக்குகள் பதித்த மூடி ஒன்று பெட்டிபோல் இறங்கி வரும். கண்ணுக்குக் காப்பு அணிந்துகொண்டு பத்து, இருபது நிமிடம் அதனுள் படுத்திருக்க வேண்டும். விளக்குகளிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் தோலில் பட்டு நிறத்தைக் கூட்டுகின்றன. சில தடவைகள் போய்வந்தால், கடற்கரையில் வெயில் காய்ந்து ஓய்வெடுத்துத் திரும்பியவரைப்போல் மேனி பழுப்பேறிவிடும்.

நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் வெளுத்த மேனிதான் உயர்குடியின் அடையாளமாக இருந்தது. வயலில் உழைப்பவனின் தோல்தான் கறுத்திருந்தது. பிறகு உழைப்பாளிகள் ஆலைகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் அடைபட்டு வெளுத்துப்போனார்கள். வெயிலுள்ள ஊர்களுக்கு உல்லாசப் பயணம் போக வசதி படைத்தவர்களின் மேனி பழுப்பேறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகரிகமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெயிலுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு வெயிலையே விளக்கில் அடைத்து விற்கும் தொழில், 1970களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று பரவியது. படைத்தவன் தந்த நிறத்தில் மனிதன் நிறைவு காணாமல் தவிப்பது தனியே பேசவேண்டிய விஷயம். இங்கு நாம் பார்க்கப்போவது கடைக்காரரின் நடத்தையை மட்டுமே.

இந்தக் கதிர்கள் நிறத்தை மட்டும் தருவதில்லை. தோலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளையும் அவை சிதைக்கின்றன. பழுப்பு நிறம் என்பதே அடிபட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சிதான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2009-ஆம் ஆண்டில் இந்தக் கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பிரிவு அது. 30 வயதுக்கு முன்பே இந்தக் கட்டிலில் படுக்கத் தொடங்கியவர்களுக்கு, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் வரும் அபாயம் 75 சதவிகிதம் அதிகரிப்பதாகவும் அப்போது அது தெரிவித்தது.

அதே ஆண்டில் பிரேசில் நாடு அழகுக்காக இக்கருவிகளைப் பயன்படுத்துவதை அடியோடு தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் மெலனோமா நோயின் பிடியில் இருந்துகொண்டே, தன்னைப் பார்த்தாவது மற்றவர்கள் விலகிக்கொள்ளட்டும் என்று பகிரங்கமாக எச்சரித்துவிட்டு 2007-ஆம் ஆண்டில் தமது 26-ஆம் வயதில் இறந்தார். அவர் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. 2015-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இக்கடைகள் மூடப்பட்டிருந்தன.

தொலைபேசியில் கிடைத்த பதில்

இனி, இக்கடைகளில் வாடிக்கையாளரை எப்படி உபசரிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். உபசாரத்தில் குறைவே இல்லை. சுத்தமான அறை, மெல்லிய இசை, பெயர் சொல்லி அழைக்கும் பணிப்பெண், பிறந்தநாளுக்குச் சலுகை. கேள்வி கேட்டால் பதிலும் பொறுமையாகவே வரும். ஆனால் அந்தப் பதில் எத்தகையது?

2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் விசாரணையாளர்கள், வெளுத்த தோலுடைய இளம்பெண்களைப்போல் பேசி, நாடு முழுவதும் 300 கடைகளுக்குத் தொலைபேசியில் விசாரித்தார்கள். இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்ற கேள்விக்குப் பத்தில் ஒன்பது கடைகள் கெடுதல் இல்லை என்றே பதில் கூறின. பாதிக்கும் மேற்பட்ட கடைகள் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதை மறுத்தன. சுமார் ஐந்தில் நான்கு கடைகள் இது உடம்புக்கு நன்மை தரும் என்றே சொல்லிவிட்டன. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், இக்கடைக்காரர்களின் சங்கம் தன் விளம்பரங்களில் இது பாதுகாப்பானது என்று பொய்யாகக் கூறியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, அப்படி இனி விளம்பரம் செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது.

சங்கத்தின் விளம்பரம் தடுக்கப்பட்டது. கடையின் வாய் தடுக்கப்படவில்லை. சட்டம் சுவரில் ஒட்டிய தாளைப் படித்துவிடும். ஆனால் கல்லாவில் இருப்பவர் குழையும் குரலில் வாடிக்கையாளரின் காதில் என்ன சொல்கிறார் என்பதை எந்தச் சட்டத்தால் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? அதைக் கேட்பவன் ஒருவன்தான். அவன் எல்லாவற்றையும் செவியேற்பவன்.

விலைக்குள் ஒரு தூண்டில்

விலைப் பட்டியலும் கவனிக்கத்தக்கது. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று ஒரு விலை. பத்துத் தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் குறைந்த விலை. ஆனால் குறித்த நாளுக்குள் அவற்றைப் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். மாதச் சந்தா கட்டிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். மாணவிகளுக்கும் விழாக் காலங்களுக்கும் தனிச் சலுகை. எல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்கள். இதில் மறைவு என்ன இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு தடவைக்கும் காசு கொடுப்பவர், போவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடமாவது யோசிப்பார். மாதச் சந்தா கட்டியவருக்கு அந்த யோசனைக்கு இடமில்லை. அடுத்த தடவை போவதற்குக் காசு இல்லை. போகாமல் இருந்தால்தான் நஷ்டம்போல் தோன்றும். கட்டிய பணத்தைக் கழித்துக்கொள்ள அவர் மறுபடி மறுபடி போகிறார். அவர் தமக்கு இலாபம் என்று எண்ணிப் போகும் ஒவ்வொரு தடவையும் அவருடைய தோலின் கணக்கில் நஷ்டமாகவே எழுதப்படுகிறது. பணத்தில் மலிவாக இருப்பது, உடம்பில் விலை ஏறிக்கொண்டே போகிறது. பட்டியலில் இந்த இரண்டாவது விலை எழுதப்படவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அளவு குறிப்பிடாமல் மொத்தமாக ஒரு கட்டணம் வாங்குவதே கூடாது என்கிறீர்களா?" அப்படி நாம் சொல்லவில்லை. நம் இமாம்கள் இதற்கு நெருக்கமான ஒரு விஷயத்தை நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். அக்காலத்து நகரங்களில் ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடங்கள் இருந்தன. உள்ளே போகிறவர் ஒரு கட்டணம் கொடுப்பார். அவர் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக்கொள்வார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பது இருவருக்கும் தெரியாது. அளவு தெரியாத கொடுக்கல் வாங்கல் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால் ஆகாது. ஆனால் மக்களின் வழக்கத்தையும் தேவையையும் கருதி அது ஆகும் என்று தீர்ப்பளித்தார்கள்.

ஹம்மாமில் ஒருவர் இரண்டு குடம் அதிகமாக ஊற்றிக்கொண்டால் அவருக்குக் கேடில்லை. நஷ்டம் வந்தாலும் கூடத்தின் சொந்தக்காரருக்கு ஒரு குடம் வெந்நீர். அந்தத் தெரியாத அளவில் இருவருமே சிறிது விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் பார்க்கும் கடையிலோ, தெரியாத அளவின் பாரம் முழுவதும் வாங்குபவரின் உடம்பில் இறங்குகிறது. கட்டண முறை ஒன்றுதான்; தீர்ப்பு ஒன்றாகாது. விலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. அந்த விலை வாங்குபவரை எதை நோக்கித் தள்ளுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சம்மதம் என்பது என்ன?

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். திருக்குர்ஆனில் சூரத்துன்னிஸாவின் 29-ஆவது வசனம் வியாபாரத்துக்கு இரு தரப்பின் மனப்பொருத்தத்தை அடிப்படையாக வைக்கிறது. பிறருடைய பொருளை முறைகேடாக உண்ணக் கூடாது. ஒருவருக்கொருவர் பொருந்திச் செய்யும் வியாபாரமாக இருந்தாலே ஆகும் என்பது அதன் கருத்து. வியாபாரிகள் பலருக்கு இந்தப் பகுதி நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வசனம் அத்துடன் முடிவதில்லை. அதே வசனத்தில், தொடர்ந்து, உங்களை நீங்களே கொன்றுகொள்ள வேண்டாம் என்ற கருத்தில் ஒரு தடையும் வருகிறது.

இந்தத் தடை வாளால் கொல்வதை மட்டும் குறிக்கிறது என்று எண்ணிவிடலாகாது. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவொன்றில் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சிய அவர்கள் தயம்மும் செய்துகொண்டு தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். பிறகு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதைப் பற்றி வினவியபோது, தமக்கு ஆதாரமாக இதே வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கடமையான குளிப்பிலேயே உடம்புக்கு வரும் கேட்டைப் பார்க்கச் சொல்லும் மார்க்கம், காசுக்கு விற்கும் அலங்காரத்தில் அதைப் பார்க்க வேண்டாம் என்றா சொல்லும்? சம்மதமும் உயிர்க்காப்பும் ஒரே வசனத்துக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட வியாபாரிக்கு உரிமை இல்லை.

அது மட்டுமல்ல. மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது. மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். உள்ளே ஈரம் தட்டியது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றியது மழை. யாரிடமும் அவர் பொய் சொன்னதாகவும் இல்லை. காய்ந்தது மேலே இருந்தது, நனைந்தது கீழே இருந்தது, அவ்வளவுதான். அதற்கே இத்தனை கடுமையான எச்சரிக்கை என்றால், கேட்ட கேள்விக்கே கெடுதல் இல்லை என்று பதில் சொல்பவரின் நிலை என்ன?

குறையுள்ள பொருளை வாங்கியவர், குறை தெரிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உரிமையை ஷரீஅத் அளித்திருக்கிறது. துணி கிழிந்திருந்தால் திருப்பலாம். மாடு நோயுற்றிருந்தால் திருப்பலாம். இக்கடையில் வாங்கிய பண்டத்தை யாரிடம் திருப்புவது? அதன் குறை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மச்சத்தின் உருவில் வெளிப்படுகிறது. அப்போது கடையும் இராது, கடைக்காரரும் இருக்கமாட்டார். திருப்பிக் கொடுக்க முடியாத பொருளை விற்பவர்மீது முன்கூட்டியே உண்மையைச் சொல்லும் கடமை பலமடங்கு கனக்கிறது.

பொறுப்பு யாருடையது?

"அப்படிச் சொன்னது நானல்ல, கடையில் வேலை செய்யும் பெண்" என்று முதலாளி சொல்லக்கூடும். "எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்" என்று அந்தப் பெண் சொல்லக்கூடும். நம் முன்னோர்களான நல்லோர்கள் இப்படித் தட்டிக்கழிக்கவில்லை.

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பட்டு வியாபாரி என்பது யாவரும் அறிந்தது. ஒருமுறை குறையுள்ள ஒரு துணியைப் பங்காளியிடம் அனுப்பி, விற்கும்போது அந்தக் குறையை எடுத்துச் சொல்லும்படி கூறியிருந்தார்கள். பங்காளி மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் இமாம் அவர்கள் அந்த விற்பனையில் கிடைத்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது பஸராவின் வியாபாரி யூனுஸ் இப்னு உபைது (ரஹ்) அவர்களின் வரலாறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை எடுத்துரைத்திருக்கிறார்கள். யூனுஸ் அவர்களின் கடையில் 400 திர்ஹம் பெறுமான ஆடைகளும் இருந்தன, 200 திர்ஹம் பெறுமானவையும் இருந்தன. அவர்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் கிராமவாசி ஒருவர் வந்து 400 திர்ஹத்துக்கு ஆடை கேட்டார். கடையிலிருந்த சகோதரர் மகன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினார். அவரும் அதை விரும்பி 400 கொடுத்து வாங்கிச் சென்றார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸ் அவர்கள் விலையைக் கேட்டறிந்து, அது 200-க்கு மேல் பெறாது, திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார் அவர். யூனுஸ் அவர்கள் விடவில்லை. அவரைக் கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சகோதரர் மகனைக் கண்டித்தார்கள். அவரோ, வாங்கியவர் திருப்தியோடுதானே வாங்கினார் என்றார். உனக்கு எதை விரும்புவாயோ அதை அவருக்கும் நீ விரும்பியிருக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்கள் யூனுஸ் அவர்கள்.

நம் தலைப்பிலுள்ள கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறென்ன வேண்டும்? இலாபம் வைப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி தோழர்கள் கேட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையில் சுதந்திரம் உண்டு. ஆனால் வாங்குபவரின் அறியாமையைத் தம் முதலீடாக வைத்துக்கொள்ளும் சுதந்திரம் இல்லை. அந்தப் பழுப்புக் கட்டிலில் தம் சொந்த மகளைப் படுக்கவைக்கத் தயங்குகிற முதலாளி, அயலார் மகளிடம் கெடுதல் இல்லை என்று சொல்லும் அந்த நொடியில் யூனுஸ் அவர்களின் கேள்வி அவர் முன் வந்து நிற்கிறது.

நம் கடைகளின் கதை

மேல்நாட்டாரைக் குறைசொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. நம் நாட்டில் நிறத்தின் ஆசை எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே கறுக்கப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே வெளுக்கப் பணம் கொடுக்கிறார்கள். தோலை வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. 2013-ஆம் ஆண்டில் உருவான மினமாட்டா உலக ஒப்பந்தம், அத்தகைய அழகுப் பொருட்களை 2020-ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்று கெடு விதித்தது. கெடு முடிந்த பிறகும், 2021-க்கும் 2023-க்கும் இடையில் வடகேரளத்தில் இத்தகைய களிம்பு பூசியவர்கள் சிறுநீரக நோயுடன் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செய்த இடமும் சேர்மானமும் எழுதப்படாத டப்பாக்கள் எங்கோ ஒரு கடையில், யாரோ ஒருவரின் இன்முகத்தோடுதான் கைமாறியிருக்கின்றன.

களிம்பு விற்காதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. நாள் கடந்த மாத்திரை, பழுதுபார்த்துப் புதிதென்று விற்கும் மின்விசிறி, ஒட்டுப்போட்டதைச் சொல்லாமல் தள்ளிவிடும் குழாய், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்துத் தீர்க்கும் பழைய சரக்கு. இவை எல்லாவற்றிலும் விலை தெளிவாகவே இருக்கிறது, பேச்சும் இனிமையாகவே இருக்கிறது. ஈரம் மட்டும் அடியில் இருக்கிறது.

ஆகவே வியாபாரச் சகோதரர்கள் ஒவ்வொரு பொருளையும் விற்கும்முன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த குறை இவருக்கும் தெரியுமா? நான் வைத்திருக்கும் விலையும் சலுகையும் இவரை நன்மையின் பக்கம் இழுக்கிறதா, கேட்டின் பக்கம் தள்ளுகிறதா? இதே பொருளை இதே விலைக்கு என் வீட்டாருக்கு வாங்கித் தருவேனா? கடையில் வேலைக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும், இத்தனை ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்று கணக்குக் கொடுப்பதற்கு முன்னால், கேட்டால் உண்மையைச் சொல் என்ற உத்தரவைக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு வியாபாரம் கைநழுவிப் போகலாம். போகட்டும். மறைத்து வந்த பணத்தைவிட, சொல்லி இழந்த பணத்தில்தான் பரக்கத் அதிகம்.

வாடிக்கையாளரிடம் சிரித்த முகத்தோடு பேசுவதும் தர்மம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட உண்மை ஒன்று இருக்குமானால், அது கியாமத்து நாளில் தர்மத்தின் தட்டில் வைக்கப்படுமா, மோசடியின் தட்டில் வைக்கப்படுமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருடைய நாவிலும் தராசிலும் நேர்மையைத் தந்து, ஹலாலான சம்பாத்தியத்தில் நம்மை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.